பொம்மை என்று எழுதி வந்த பெட்டி

ஜூன் 9, திங்கள்

வெண்ணந்தூர்ப் பள்ளியில் நான் பொருளியல் எடுத்த காலத்தில் மயிலம்மாள் என்று ஒரு மாணவி இருந்தாள். சுங்க வரிப் பாடம் நடந்த அன்று எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், அங்க காசு குடுத்து வாங்கியாச்சு. நம்மூருக்குள்ள கொண்டு வாரதுக்கு இன்னொருக்கா எதுக்குங்க காசு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, கேள்வி நல்ல கேள்வி. வாரச்சந்தையை எடுத்துக்காட்டினேன். ஆடு ஓட்டி வருகிறவர் வாசலில் சுங்கம் கட்டுகிறார். ஆடு அவருடையதுதான், ஆனால் சந்தை அவருடையதில்லை. வாசல்காரர் ஆட்டைப் பார்த்துச் சீட்டுக் கிழிக்கிறார். 'இது ஆடில்லைங்க, கோழி' என்று சொன்னால் விடுவாரா? நாட்டுக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரிந்தது.

இன்று அதே கேள்வியைச் செங்கோட்டையன் கேட்டான். என் தம்பி. ராசிபுரத்தில் லாரி பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறான், பேரன் எடுத்தவன். "ஏனுங்க்கா, அங்கயே பணம் கட்டியாச்சே, இங்க வேற எதுக்கு?"

மயிலம்மாள் கேட்டபோது அது தேர்வுக்கு வரும் பாடம். இன்று அப்படி இல்லை. கடல் தாண்டி வந்துகொண்டிருப்பது என் வீட்டுக்காரரின் குரல்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். இன்று முழுதாக எழுதிவைக்கிறேன்.

இவர், மருதாசலம், நாமக்கல்லில் லாரி புக்கிங் செய்தவர். எந்த ஊருக்கு எந்தச் சரக்கு, எந்த லாரி காலியாகத் திரும்புகிறது என்பதெல்லாம் வாயிலேயே வைத்திருப்பார். இரண்டு காதிலும் இரண்டு போன். மோகனூர் ரோட்டில் இவர் பேசினால் எதிர்க்கடையில் கேட்கும். தொண்டையில் கட்டி வந்து, போன கார்த்திகையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அதன் வழியாக மூச்சு விடுகிறார். பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார்.

சேலம் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷாலினி, டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை இவர் கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். "உதட்டை மட்டும் அசைங்க சார்." பக்கத்து வீட்டு மிக்சி பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. "டீ" என்றார். நான் அழுதேன். இவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

அது ஆஸ்பத்திரிக் கருவி, எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதற்கு. அதே மாதிரி ஒன்று வாங்கலாமென்று இங்குள்ள கடையில் விசாரித்தோம். இருப்பில்லை, எப்போது வருமென்றும் தெரியாது என்றார்கள். செங்கோட்டையன் யாரிடமும் கேட்காமல், இணையத்தில் தேடி, சீனாவில் ஒரு கடையில் பணமும் கட்டிவிட்டான். மச்சான் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். அந்தக் கடையில் இருந்த கடைசிக் கருவி இதுதானாம்.

ஜூன் 12, வியாழன்

தம்பி மத்தியானச் சோற்றுக்கு வந்தான். வரி எப்படிக் கூடும் என்று போட்டுக் காட்டினேன். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், அரசு அறிவிக்கும்போதெல்லாம் மாறும். அதனால் உண்மை விகிதத்தை விட்டுவிட்டு எல்லாம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் போகும் வழி தெரிந்தால் போதும்.

சாமான் நூறு ரூபாய். அனுப்பும் செலவும் இன்ஷூரன்ஸும் இருபது. வரி நூறுக்கு இல்லை, நூற்றிருபதுக்கு. லாரிக்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. "சரக்கோட வாடகையும் சேர்ந்துதானுங்க்கா வெல" என்று அவனே சொன்னான். நூற்றிருபதுக்குச் சுங்க வரி பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டின் மேல் சமூக நலக் கூடுதல் வரி ஒரு ரூபாய் இருபது பைசா. இதெல்லாம் கூட்டி நூற்று முப்பத்து மூன்று இருபது. ஜிஎஸ்டி அந்தத் தொகைக்குப் போடுவார்கள், பதின்மூன்று முப்பத்திரண்டு. மொத்த வரி இருபத்தாறு ரூபாய் ஐம்பத்திரண்டு பைசா.

"பத்தும் பத்தும் இருவதுன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. வரி மேல வரி உக்காருது, அதத்தான் மறந்தர்றோம்."

ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தான். "அட நம்மளுக்கு அவ்வளவு வராதுங்க்கா. நான் பாத்துக்கிட்டேன்."

என்ன பார்த்துக்கொண்டான் என்று கேட்டிருக்க வேண்டும். மோர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 14, சனி

கைலாசம் வந்தார், இவரோடு கூடவே புக்கிங் செய்த சிநேகிதர். இவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் நின்று என்னிடம் பேசிவிட்டுப் போனார் கைலாசம், பாவம்.

ஜூன் 20, வெள்ளி

கூரியரிலிருந்து மின்னஞ்சல். பார்சல் சென்னை வந்துவிட்டது, சுங்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேட்டிருப்பவை: பெறுபவரின் அடையாளம், பணம் கட்டியதற்கு ஆதாரம், உண்மையான விலைப்பட்டியல், பொம்மைக்கான இந்தியத் தர முத்திரைச் சான்று.

பொம்மையா?

வேறு யாருடைய பார்சலோ என்று எண்ணைச் சரிபார்த்தேன். நம்முடையதுதான். தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், பெட்டி மேல என்ன எழுதச் சொன்ன?"

மெதுவாகச் சொன்னான், "பொம்மைன்னுங்க்கா."

"பொம்மையா?"

"கிப்ட்டு. பொம்மை. பத்து டாலரு. கடைக்காரன் மொதல்ல மாட்டேன்னான், நாந்தான் வற்புறுத்திப் போடச் சொன்னேன்."

"எதுக்குடா அப்படி?"

"நம்ம ஆபீஸ்ல தெனமும் பண்றதுதானுங்க்கா. மோட்டாரு போனாலும் பழைய சாமான்னு எழுதுவோம். மதிப்பு ஐநூறும்போம். எவனும் பிரிச்சுப் பாக்கறதில்ல. மச்சானுக்குச் செலவு கொறையட்டும்னுதான்..."

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

கோபம் இன்னும் இறங்கவில்லை. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். தெரிந்தாலும் எரிகிறது. எவ்வளவு பெரிய வேலை பண்ணி வச்சிருக்கான் இந்தப் பையன்! ஐம்பத்தெட்டு வயசுல பையன்.

நிதானமாகப் பார்ப்போம். அவன் எழுதச் சொன்ன மூன்றும் மூன்று தவறு.

முதலாவது, அன்பளிப்பு. முன்பு சின்ன மதிப்புள்ள அன்பளிப்புக்குச் சலுகை இருந்தது, அதை 2019 கடைசியில் எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிற்றுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். தவிர, நாம் காசு கொடுத்து வாங்கியது எப்படி அன்பளிப்பு ஆகும்? அதுவே பொய்.

மதிப்பைக் குறைத்தது அடுத்தது. சுங்கத்தில் இருப்பவர்களுக்கும் இணையம் இருக்கிறது. அதே சாமானை அதே கடையில் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

பொம்மைதான் எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. வரி குறையட்டும் என்று எழுதினானாம். பொம்மைக்குப் பல சாமான்களைவிட வரி கூடுதல், போதாததற்குத் தர முத்திரை இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். மருத்துவக் கருவி என்று உள்ளபடி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆட்டைக் கோழி என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. இவன் யானை என்று சொல்லிவிட்டான்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் குரலைப் பத்து டாலர் பொம்மை என்று எழுதியிருக்கிறார்கள் என்றா?

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில் இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு, மின்னஞ்சலையே காட்டினேன்.

இவர் ரொம்ப நேரம் படித்தார். பலகையை எடுத்து எழுதினார்: "பொம்மைதான். பொத்தான அமுத்துனா பேசும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "அவனத் திட்டாத. மதிப்பக் கொறச்சு எழுதக் கத்துக் குடுத்தவன் நாந்தான்."

அதுவும் உண்மை. செங்கோட்டையன் தொழில் பழகியது இவரிடம். லாரி ரசீதில் மதிப்பைக் குறைத்து எழுதுவது இந்த ஊரில் ஒரு தப்பென்றே யாரும் நினைப்பதில்லை. சரக்கு சேர்ந்ததா, ஆள் நம்பிக்கையா, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் கடல் தாண்டி அனுப்பி வைத்துவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றேன்.

"டீச்சருக்குத் தெரியாதா" என்று எழுதினார்.

ஜூன் 25, புதன்

மூன்று வழி இருந்தது. பார்சலை அப்படியே கைவிடலாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம், அல்லது உண்மையைச் சொல்லலாம். தம்பி நான்காவதாக ஒன்று சொன்னான்: "பொம்மைக்கு ஒரு பில்லு ரெடி பண்ணிக் குடுத்தர்றனுங்க்கா. டூப்ளிகேட்டு அடிக்கற பையன் ஒருத்தன் இருக்கான்." அதற்கு நான் கொடுத்த பதிலை எழுதக் கூடாது.

கூரியருக்கு விளக்கம் எழுதினேன். பொருள் பொம்மையல்ல, குரல்வளை எடுத்தவர் பேச உதவும் மின்கருவி. அன்பளிப்பல்ல, விலைக்கு வாங்கியது. உண்மை விலை இது, அனுப்பும் செலவு இது. குறைத்து எழுதச் சொன்னது எங்கள் தவறு. சரியான வரியும், விதித்தால் அபராதமும் கட்டுகிறோம். சொந்த உபயோகத்துக்கு, விற்பதற்கு அல்ல. கூடவே விற்றவரிடம் கேட்டு வாங்கிய சரியான விலைப்பட்டியல், கார்டில் பணம் போன வங்கிப் பக்கம், அறுவை சிகிச்சைக் குறிப்பு.

'குறைத்து எழுதச் சொன்னது எங்கள் தவறு' என்ற வரியைத் தம்பி எடுக்கச் சொன்னான். இவர் அவன் கையைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பயமில்லை. ஆதாரம் எல்லாம் கையில் இருக்கிறது.

ஜூன் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே உள்ளே ஒரு ஆண் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் போன், சத்தம் வெளியே வருகிறது.

"பேச மாட்டியா? திமிரா? கஸ்டம்ஸ்டா! வாயத் தொறந்து பேசு!"

இவர் நகத்தால் போனைத் தட்டுகிறார். டொக், டொக். 'ஆமாம், கேட்கிறது' என்று வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லும் வழி அது.

"என்னடா தட்டற? வெளாடறியா?"

பையைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினேன்.

"யாருங்க பேசறது?"

"சென்னை கஸ்டம்ஸ். உங்க பேர்ல பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ள போதைப் பொருள். இப்பவே பணம் கட்டலன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்."

"பார்சல் எண் சொல்லுங்க."

"அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாது."

"எந்த நாட்டுல இருந்து வந்துது?"

"...தாய்லாந்து."

"எந்தக் கூரியர்?"

"மேடம், ஆபீசர்கிட்டயே கேள்வி கேக்கறீங்களா?"

"டீச்சருங்க. கேட்டே பழகிருச்சு. பணம் எங்க கட்டணும்?"

ஒரு செல்போன் எண்ணைச் சொன்னான்.

"அரசாங்கத்துக்குக் கட்டற வரி ஒரு ஆளோட செல் நம்பருக்கு எதுக்குங்க போவுது?"

வைத்துவிட்டான்.

நம் பார்சலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் முழுக்க இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். யாராவது ஒருவருக்கு நிஜமாகவே பார்சல் வர வேண்டியிருக்கும், அங்கே பிடித்துக்கொள்வான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டு அந்த எண்ணைப் பதிவு செய்தேன்.

அது முடிந்த பிறகுதான் இவர் போனைப் பார்த்தேன். பணம் அனுப்பும் பக்கம் திறந்திருந்தது. ரகசிய எண் போடும் இடம் வரை போய்விட்டார்.

எனக்கு என்ன ஆச்சு தெரியல, கத்திட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? எத்தன பேர ஏமாத்தறத பாத்தவரு நீங்க? நாமக்கல்லையே வித்துட்டு வாரவரு!"

இவர் பலகையை எடுத்தார். எழுத்து கோணலாக வந்தது.

"யார்னு கேக்க முடியல. கட்டித் தொலச்சா கத்தறத நிறுத்துவான்னு."

கீழே இன்னொரு வரி. "பார்சல் வேண்டாம். திருப்பி அனுப்பிரு."

கத்தரிக்காய் தரையெல்லாம் உருண்டு கிடந்தது. இரண்டு பேரும் பொறுக்கினோம்.

ஜூலை 1, செவ்வாய்

கூரியர் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நான் கேட்பதற்கு முன்பே பார்சல் எண்ணைச் சொன்னாள். பணம் எதுவும் கேட்கவில்லை, நம் விளக்கம் அதிகாரியிடம் போயிருக்கிறது என்றாள். இன்னும் இரண்டு வேண்டுமாம். பேச்சுப் பயிற்சியாளரின் சான்று ஒன்று. பெட்டி இவர் பெயருக்கு வந்திருப்பதால் இவர் ஆதார் சரிபார்ப்பு இன்னொன்று. இவர் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை அவர்கள் இணையப் பக்கத்தில் நாமே போட வேண்டும், யாரிடமும் வாயால் சொல்லக் கூடாது என்றாள். சனிக்கிழமை கூப்பிட்டவனுக்கும் இவளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், இதுவே போதும்.

ஷாலினி உடனே சான்று அனுப்பிவிட்டாள்.

ஓடிபி வந்தது. இவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டார். நேரம் முடிந்து அது வீணானது.

நான் துரத்தவில்லை. அடம் பிடிப்பவர்களைத் துரத்தினால் இன்னும் தூரம் போவார்கள்.

ஜூலை 2, புதன்

கைலாசம் வந்தார். இந்த முறை கதவைச் சாத்த நேரம் கிடைக்கவில்லை. இவர் மரத்தடியிலேயே மாட்டிக்கொண்டார்.

அவர் ஒரு வழக்கோடு வந்திருந்தார். ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி ஏற்றிப் போன லாரி, இந்தூரில் மூட்டை நனைந்துவிட்டது என்று வாடகையைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். தார்ப்பாய் கட்டியது யார், ஏற்றுக்கூலி யார் கொடுத்தது, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல இவர் முகம் மாறியது. இவருக்கு விடை தெரியும். உதடு தானாக அசைகிறது. பலகையை எடுத்துக் கடகடவென்று எழுதி நீட்டினார்.

கைலாசம் பலகையைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "கண்ணாடி கொண்டாரலியே மாப்ள."

இவர் பெரிய எழுத்தில் எழுதினார். பலகையில் மூன்று வார்த்தைக்குத்தான் இடம்.

"தார்ப்பாய்... யாரு... என்னது? யாருதுன்னா கேக்கற?"

இவர் தலையில் அடித்துக்கொண்டார். கைலாசம் சிரித்தார். "வுடு மாப்ள, நீ பேச ஆரம்பிச்சப்பறம் கேட்டுக்கறேன். இந்தூர்க்காரன் எங்க போயிருவான்?"

அவர் போன பிறகு இவர் உள்ளே வந்தார். என் முன்னால் போனை வைத்தார். "மறுபடி அனுப்பச் சொல்லு" என்று வாயசைத்தார். அதைப் படிக்க எனக்குப் பலகை தேவைப்படவில்லை.

ஓடிபி வந்தது. போட்டோம்.

ஜூலை 4, வெள்ளி

மதிப்பிட்டுவிட்டார்கள். மருத்துவக் கருவி என்ற தலைப்பில், உண்மை விலையோடு அனுப்பும் செலவும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். தவறாகக் குறிப்பிட்டதற்கு ஓர் அபராதம். பெரியதில்லை, ஆனாலும் உறைக்கிற அளவு. கூரியரின் சொந்த இணையப் பக்கத்தில் கட்டினேன், ரசீது வந்தது. செங்கோட்டையன் அபராதத்தைத் தன் கணக்கிலிருந்து கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். கட்டட்டும், அப்போதுதான் நினைவிருக்கும்.

உண்மை விகிதத்தில் நான் போட்டு வைத்திருந்த கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகும் என்று இருந்தேன். இரண்டு இடத்தில் பிசகினேன். டாலருக்கு நான் போட்டது அன்றைய வங்கி விலை. சுங்கத்துக்கென்று தனியாக ஒரு மாற்று விகிதம் அறிவிக்கிறார்கள், அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, நமக்காக வரியை முன்னால் கட்டியதற்குக் கூரியர்காரர் வாங்கும் கட்டணம், அதற்கும் ஒரு ஜிஎஸ்டி. இந்த இரண்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஜூலை 9, புதன்

வந்துவிட்டது.

பெட்டி மேல் சிவப்பு எழுத்தில் பொம்மை என்று ஆங்கிலத்தில். அதன் மேல் சுங்கத்தின் நாடா. தம்பி அந்த எழுத்தைப் பேனாவால் அடிக்கப் போனான், இவர் விடவில்லை. பெட்டியை அப்படியே அலமாரி மேல் வைத்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

சத்தம் வருகிறது. பேச்சு வரவில்லை.

காலையிலிருந்து கழுத்தில் எங்கே வைத்தாலும் வெறும் ரீங்காரம்தான். கதிர்வீச்சு கொடுத்த இடம் பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது, அதற்குள் அதிர்வு போகமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் "டீ" சொன்ன அதே இடத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு கழுத்து இன்னும் இறுகிவிட்டது போல.

வரி, அபராதம், ஓடிபி எல்லாம் தாண்டி வந்து இங்கே வந்து நிற்குதே!

இவர் கருவியை மேசை மேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை, மெதுவாக வைத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

சேலம் போனோம். வழியெல்லாம் ஆனிக் காற்று, பஸ் ஜன்னலை மூட முடியவில்லை, இவர் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஷாலினி அவசரப்படவில்லை. விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள், சுவரில் ஆணி அடிக்க இடம் பார்ப்பது போல. "கழுத்து வேண்டாம் சார். தாடைக்குக் கீழ, இடது பக்கம். இங்க கொஞ்சம் மெத்துனு இருக்கு." கருவியைத் திருப்பி வைத்தாள். "மூச்சு இழுக்க வேண்டாம். தள்ளவும் வேண்டாம். வாய் மட்டும்."

இவர் பொத்தானை அழுத்தினார்.

"நா...யகி."

என் பெயரில் முன்னால் இருக்கும் 'பெரிய' பறிபோனது. போகட்டும்.

ஜூலை 24, வியாழன்

தினமும் காலையில் பயிற்சி. ஊர் பேர்களைச் சொல்லிப் பழகுகிறார். நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி, பனமரத்துப்பட்டி. பனமரத்துப்பட்டி நாலு முறை உடைந்து ஐந்தாவது முறை வந்தது. செங்கோட்டையன் அன்றைக்குப் பார்த்து வந்தான். "ஏனுங்க மச்சான், இதுக்குப் பேசாம சேலம்னே சொல்லலாமில்லீங்க?"

"நீ... பேசாத... பொம்ம" என்றார் இவர்.

அவன் இரண்டு கையும் கூப்பினான். வெகுநாள் கழித்து இந்த வீட்டில் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தோம். அதில் ஒரு சிரிப்புக்குச் சத்தமில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மோகனூர் ஆற்றுக்குப் போகும் கூட்டம் காலையிலிருந்தே வாசலைத் தாண்டிப் போகிறது. நான் சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தேன். இவர் போன் அடித்தது. எடுக்க நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இவரே எடுத்துவிட்டார். கருவியைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ம்... சொல்லு."

"யாருங்க பேசறது?" கைலாசத்தின் குரல். "இது மருதாசலம் போனில்லீங்க?"

"நாந்தான்டா."

"மாப்ள?"

"ம்."

"என்னடா மாப்ள இது, இரும்புக் கடைக்குள்ள இருந்து பேசறாப்பல..." மூக்கை உறிஞ்சினார். கொஞ்சம் பொறுத்து, அழவில்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, கூப்பிட்ட காரியத்தைச் சொன்னார். ஆட்டுக் கொட்டகைக்குச் சீனாக்காரன் ஒரு கேமரா விற்கிறானாம், பாதி விலையாம், இன்றைக்கே பணம் கட்டினால் இன்னும் குறைப்பானாம். வாங்கலாமா?

நான் கரண்டியோடு வந்து நின்றேன். சாமான் விலையோடு வேறு என்னவெல்லாம் சேரும், எந்த விகிதத்தில் பார்க்க வேண்டும், கூரியர் கட்டணம், எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாமக்கல்லில் ஒரு காலத்தில் எல்லோரையும் அப்படித்தான் நிறுத்துவார்.

ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதியில், வார்த்தை வார்த்தையாக, அவசரமில்லாமல் சொன்னார்:

"மொதல்ல... காசு கட்டாத. பொட்டி மேல... என்ன எழுதுவ, எவ்வளவுன்னு எழுதுவன்னு... அவங்கிட்டக் கேளு. உள்ளத... எழுதுவேன்னு சொன்னா... அப்பறம் வாங்கு."